வேடம் கலைந்த பிறகு: ‘தி வயர்’ நடிகர்களை முன்வைத்து

ஒரு தொலைக்காட்சித் தொடர் முடிந்து பதினைந்து, இருபது ஆண்டுகள் கழித்து, அதில் நடித்தவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று பட்டியலிடுவது ஆங்கில இதழ்களில் தனியொரு எழுத்து வகையாகவே ஆகிவிட்டது. ‘தி வயர்’ பற்றிய பட்டியல் எதை எடுத்தாலும் இட்ரிஸ் எல்பாவும் மைக்கேல் பி. ஜோர்டனும் தலைப்பில் நிற்பார்கள். எத்தனை பெரிய நட்சத்திரங்களை இத்தொடர் உலகுக்கு அளித்திருக்கிறது பாருங்கள் என்ற பெருமிதத்தோடு கட்டுரை முடியும். அந்தப் பெருமிதத்தில் நமக்கு உடன்பாடில்லை. நட்சத்திரம் என்ற ஒன்றே வேண்டாம் என்ற பிடிவாதத்தோடு எழுதப்பட்ட நாடகம் அது. அதை நட்சத்திரங்களின் நாற்றங்கால் என்று புகழ்வோர் நாடகம் சொன்னதைக் காதில் வாங்கவில்லை என்றே கொள்ள வேண்டும். அதன் நடிகர்களில் எவர் கரையேறினார், எவர் ஏறவில்லை, ஏறியவருக்குக் கைகொடுத்தது எது என்று நிதானமாகப் பார்த்தால், தொடர் சொன்ன கதையே திரைக்கு வெளியே இன்னொரு முறை நடந்திருப்பது புலப்படும். நாம் இங்கே சொல்ல முனைவது அவ்வளவுதான்.

தொடரைப் பார்க்காத வாசகர்களுக்காகச் சில செய்திகள். 2002 ஜூன் 2 அன்று எச்.பி.ஓ. தொலைக்காட்சியில் தொடங்கி 2008 மார்ச் 9 அன்று முடிந்தது ‘தி வயர்’. ஐந்து பருவங்கள், 60 அத்தியாயங்கள். களம் முழுவதும் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்துப் பால்டிமோர் நகரம். படைத்தவர் டேவிட் சைமன், ‘பால்டிமோர் சன்’ நாளிதழில் குற்றச்செய்தியாளராக இருந்தவர். துணைநின்ற எட் பர்ன்ஸ் அந்நகரின் காவல்துறையில் கொலைவழக்குத் துப்பறிவாளராகப் பணியாற்றிவிட்டு, பின்னர் அரசுப் பள்ளி ஆசிரியரானவர். எழுத்துக்குழுவில் ஜார்ஜ் பெலெகனோஸ், ரிச்சர்ட் பிரைஸ், டென்னிஸ் லெஹேன் என்று நாவலாசிரியர்கள் மூவர். முதற்பருவம் போதைமருந்து விற்கும் ஒரு குழுவின் தொலைபேசிகளைக் காவலர்கள் ஒட்டுக்கேட்பதில் தொடங்குகிறது. பெயர்க்காரணமும் அதுவே. அடுத்தடுத்த பருவங்களில் துறைமுகத் தொழிலாளர், நகர அரசியல், பள்ளிக்கூடம், செய்தித்தாள் என்று கதை விரிந்துகொண்டே போகிறது. காவலர் கதையாகத் தொடங்கியது ஒரு நகரத்தின் கதையாகி முடிகிறது. இதை நாவல் என்று அழைத்தவர்கள் பலர். சைமனோ கிரேக்கத் துன்பியலை உதாரணம் காட்டினார்: அங்கே தேவர்கள் இருந்த இடத்தில் இங்கே நிறுவனங்கள் இருக்கின்றன என்பது அவர் தந்த விளக்கம். சிலம்பு படித்த நமக்கு ஊழ் என்ற ஒரு சொல் போதும். காவல்துறை, கட்சி, பள்ளி, போதைக்குழு என எதன் உள்ளே இருந்தாலும் மனிதன் அந்த அமைப்பின் கணக்குக்கே இரையாகிறான்.

இங்கே காவல்துறை நாடகம் என்ற வகைமையின் வழக்கத்தைச் சற்று நினைவுகூர வேண்டும். 1951இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு வந்த ‘டிராக்நெட்’ லாஸ் ஏஞ்சல்ஸ் காவல்துறையின் ஒத்துழைப்போடு தயாரானது. அதில் ஜாக் வெப்பின் முகமே சட்டத்தின் முகம். அன்று முதல் இவ்வகைத் தொடர்கள் ஒரு காவலரின் முகத்தைச் சுற்றியே கட்டப்பட்டன. 1981இல் வந்த ‘ஹில் ஸ்ட்ரீட் ப்ளூஸ்’ பல முகங்களை அருகருகே நிறுத்திப் பார்த்தது என்றாலும் பழைய பழக்கம் எளிதில் போகவில்லை. நடிகர்களும் அதையே நம்பினார்கள். ‘என்.ஒய்.பி.டி. ப்ளூ’ 1993இல் தொடங்கியபோது நாயகக் காவலராக நடித்த டேவிட் கருசோ, புகழ் வந்த வேகத்திலேயே இரண்டாம் பருவத் தொடக்கத்தில் விலகித் திரைப்படங்களுக்குப் போனார். படங்கள் அவரைத் தாங்கவில்லை. 2002இல் ‘சி.எஸ்.ஐ. மயாமி’ என்ற இன்னொரு காவல் தொடருக்கே திரும்பி வந்து, கறுப்புக் கண்ணாடியை மாட்டுவதையே நடிப்பாக்கிப் பத்தாண்டுகள் வாழ்ந்தார். முகம்தான் முதல் என்ற கணக்கு அங்கே கடைசிவரை மாறவில்லை.

அதே 2002இல் ‘தி வயர்’ வேறு கணக்கைப் போட்டது. பார்வையாளருக்கு முன்பே பழகிய முகங்கள் வேண்டாம் என்று தவிர்த்தார்கள். பால்டிமோர்க் காவலர் ஜிம்மி மக்நல்டியாக வந்த டொமினிக் வெஸ்ட் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பிறந்து ஈட்டன் பள்ளியில் படித்தவர். போதைக்குழுவின் மூளையாகிய ஸ்ட்ரிங்கர் பெல்லாக வந்த இட்ரிஸ் எல்பா லண்டன் ஹாக்னியில், சியரா லியோன் தந்தைக்கும் கானா தாய்க்கும் பிறந்தவர். நடிகர் தேர்வின்போது தாம் பிரித்தானியர் என்பதைச் சொல்ல வேண்டாம் என்று அறிவுறுத்தப்பட்டு, அமெரிக்க உச்சரிப்பிலேயே பேசி அந்த வேடத்தைப் பெற்றார் அவர். நட்சத்திரம் இல்லாததால் யாரையும் எப்போது வேண்டுமானாலும் கொல்ல முடிந்தது. பார்வையாளர் மிகவும் விரும்பிய ஸ்ட்ரிங்கர் மூன்றாம் பருவத்திலேயே சுடப்பட்டுச் சாகிறான். மறுவாரம் கதை அவனில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது.

விருதுக்குழுக்களுக்கு இது பிடிபடவில்லை போலும். எம்மி விருதுக்கு ஐந்து பருவங்களிலும் சேர்த்து இரண்டே பரிந்துரைகள், இரண்டும் எழுத்துக்கு. நடிகர் ஒருவர் பெயரும் பரிந்துரையில் இடம்பெற்றதில்லை. விருது ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் போதைக்கு அடிமையான பபிள்ஸ் என்ற பாத்திரத்தில் நடித்த ஆண்ட்ரே ரோயோவுக்கு ஒரு விருது கிடைத்தது. படப்பிடிப்பு இடைவேளையில் ஒப்பனையோடு தெருவில் நின்றவரைப் பார்த்து, இவனுக்கு இது உடனே வேண்டும் என்று இரங்கிய யாரோ ஒருவர் ஒரு பொட்டலம் போதைமருந்தைக் கையில் திணித்துவிட்டுப் போனாராம். அதைத் தம் தெரு ஆஸ்கர் என்று ரோயோ பேட்டிகளில் சிரித்தபடி சொன்னதுண்டு. சிரிப்புக்குக் கீழே இருப்பதை விளக்க வேண்டியதில்லை.

நாடகத்தின் இன்னொரு துணிவு, நடிகர் அல்லாதோரை அழைத்துவந்து நடிகர் நடுவே நிறுத்தியது. சைமன் 1991இல் எழுதிய நூலில் மெய்யாகவே இடம்பெற்ற துப்பறிவாளர் ஜே லேண்ட்ஸ்மன். அவர் பெயரில் ஒரு பாத்திரம் உண்டு, அதில் டெலனி வில்லியம்ஸ் நடித்தார். மெய்யான லேண்ட்ஸ்மனோ வேறு பெயருள்ள அதிகாரியாக அதே தொடரில் வந்து போகிறார். 1988இல் நகரத்தந்தையாக இருந்தபோதே போதைப்பழக்கத்தைக் குற்றமாகக் கருதுவதை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று சொல்லி நாடு முழுவதும் வசை வாங்கிய கர்ட் ஷ்மோக், மூன்றாம் பருவத்தில் நலவாழ்வுத்துறை அதிகாரியாகத் தோன்றுகிறார். போதைவிற்பனையை மூன்று ஒதுக்குப்புறங்களில் மட்டும் கண்டுகொள்ளாமல் விடுகிற ஒரு காவல் அதிகாரியின் கதை ஓடும் பருவம் அது. இந்தக் குறும்பு பால்டிமோர்க்காரர்களுக்கு உடனே புரிந்திருக்கும். நகரின் காவல் ஆணையராக இருந்த எட் நோரிஸ் துப்பறிவாளராக நடித்துக்கொண்டிருந்த காலத்திலேயே, 2004இல், பொதுப்பண முறைகேட்டு வழக்கில் ஆறு மாதச் சிறைத் தண்டனை பெற்றார்.

மெல்வின் வில்லியம்ஸின் கதை இவற்றினும் விசித்திரம். பால்டிமோரின் போதை வணிகத்தில் பெரும்புள்ளியாக இருந்த அவரை 1984இல் பிடித்தவர் எட் பர்ன்ஸ். அவரைப் பற்றி 1987இல் தொடர் கட்டுரை எழுதியவர் சைமன். சிறை மீண்ட அவர் மூன்றாம் பருவம் முதல் தேவாலய மூப்பராக, நிதானமான குரலில் நல்லது சொல்லும் கிழவராக நடிக்கிறார். பிடித்தவர், எழுதியவர், பிடிபட்டவர் மூவரும் ஒரே படப்பிடிப்புத் தளத்தில். டானி ஆண்ட்ரூஸ் என்பவர் போதை வணிகர்களையே கொள்ளையடித்துப் பிழைத்தவர். ஒரு கொலைக்குப் பின் பர்ன்ஸிடம் சரணடைந்து நெடுங்காலம் சிறையில் கழித்து 2005இல் வெளிவந்தார். ஓமர் லிட்டில் என்ற பாத்திரம் முளைத்தது பெருமளவு அவர் வாழ்விலிருந்து. அவரும் நடித்தார், அதுவும் ஓமரின் கூட்டாளியாக. ஐந்தாம் பருவத்தில் எதிரிகள் சுற்றிவளைக்கும்போது ஆண்ட்ரூஸ் ஏற்ற பாத்திரம் சுடப்பட்டு இறக்க, ஓமர் மாடியிலிருந்து குதித்துத் தப்புகிறான். இது நம்பும்படி இல்லை என்று பார்வையாளர் பலர் குறைப்பட்டனர். ஆண்ட்ரூஸ் தம் வாழ்க்கையில் அதைவிட உயரத்திலிருந்து குதித்தவர் என்பது சைமன் தந்த பதில். மெய்யான மனிதர் சாக, அவர் நிழல் பிழைக்கும் அந்தக் காட்சியை எழுதும்போது எழுதியவர்கள் கை சற்றேனும் நடுங்கியிருக்கும் என்றே நினைக்கிறோம்.

இனி நடிகர்களின் பிற்காலம். கைத்தொழில் கற்று வந்தவர்கள் பெரும்பாலும் நன்றாகவே இருந்தார்கள். யேல் நாடகப்பள்ளியில் பயின்ற லான்ஸ் ரெடிக், விறைத்த முதுகும் தாழ்ந்த குரலுமாக அதிகாரி டேனியல்ஸை நமக்குக் காட்டியவர். பிறகு ‘ஃப்ரிஞ்ச்’, ‘பாஷ்’ தொடர்களிலும் ‘ஜான் விக்’ படங்களிலும் ஓய்வின்றி நடித்து, 2023 மார்ச் 17 அன்று 60 வயதில் காலமானார். பெரும்பாலும் அதிகாரியாகவோ கண்ணியமான பணியாளராகவோதான் அவரை அழைத்தார்கள், அது வேறு குறை. கிளார்க் பீட்டர்ஸ் லண்டன் மேடையில் ஏற்கெனவே பெயர் பெற்றவர், ‘ஃபைவ் கைஸ் நேம்ட் மோ’ என்ற இசைநாடகத்தை எழுதியவர். ஜூலியார்டில் பயின்ற வெண்டல் பியர்ஸ், துப்பறிவாளர் பங்க் மோர்லண்டாக அரை டஜன் சொற்களிலேயே ஒரு மனிதனின் களைப்பு முழுவதையும் காட்டியவர். அவர் 2019இல் லண்டனிலும் 2022இல் பிராட்வேயிலும் ஆர்தர் மில்லரின் ‘டெத் ஆஃப் எ சேல்ஸ்மன்’ நாடகத்தில் வில்லி லோமனாக நின்றார். பிராட்வேயில் அவ்வேடம் ஏற்ற முதல் கறுப்பின நடிகர் அவர். உழைத்துத் தேய்ந்த மனிதனை நிறுவனம் கைகழுவும் கதை அது. அந்த வேடத்துக்கு ‘தி வயர்’ போல் வேறெந்தப் பயிற்சிக்கூடம் இருந்திருக்க முடியும்? எல்பாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘லூதர்’ தொடரில் காவலராகி 2012இல் கோல்டன் குளோப் விருது பெற்றார், 2013இல் மண்டேலாவாக நடித்தார்.

மைக்கேல் பி. ஜோர்டன் முதற்பருவத்தில் வாலஸ் என்னும் சிறுவன். ஸ்ட்ரிங்கரின் கட்டளைப்படி அவனுடைய நண்பர்கள் இருவரே அவனைச் சுடுகிறார்கள். தொடரில் பார்வையாளரை முதன்முதலாக உடைத்துப் போட்ட காட்சி அது. 2013இல் ‘ஃப்ரூட்வேல் ஸ்டேஷன்’ படத்தில் அவர் ஆஸ்கர் கிரான்ட்டாக நடித்தார். 2009 புத்தாண்டு விடியலில் ஓக்லண்ட் ரயில்நிலையத்தில் காவலர் ஒருவரின் துப்பாக்கிக்கு உயிரிழந்த மெய்யான இளைஞன் அவன். ஜோர்டனின் நட்சத்திர வாழ்க்கைக்கு வழிவிட்டவை சுடப்பட்டுச் சாகும் இரண்டு கறுப்பின இளைஞர்களின் பாத்திரங்கள் என்பதைப் பட்டியல் எழுதுவோர் ஏனோ குறிப்பதில்லை.

நான்காம் பருவம்தான் இத்தொடரின் உச்சம் என்பது நம் துணிபு. எட்டாம் வகுப்புச் சிறுவர் நால்வர். ஆண்டு முடிவில் ஒருவன் போதைக்கு அடிமையாகும் பாதையில், ஒருவன் கொலைத்தொழிலில், ஒருவன் அநாதை விடுதியில். நாலாமவன் நாமண்ட் மட்டும் பிழைக்கிறான். நால்வரில் அவன் நல்லவனுமல்லன், அறிவாளியுமல்லன். ஓய்வுபெற்ற காவல் அதிகாரி ஒருவர் அவனைத் தம் வீட்டுக்கு அழைத்துப் போனார், அவ்வளவே. திறமைக்கும் தப்பிப்புக்கும் தொடர்பில்லை என்பதை இதைவிடக் கசப்பாகச் சொன்ன தொலைக்காட்சி நாடகம் வேறொன்றை நாம் அறியோம்.

இதே பருவத்தில் ஃபெலிசியா பியர்சன் முக்கிய இடத்துக்கு வருகிறார். பால்டிமோரின் தெருவில் வளர்ந்தவர். 14 வயதில் ஒரு கொலைக்காகத் தண்டிக்கப்பட்டு ஆறரை ஆண்டுகள் சிறையில் இருந்தவர். நகரின் ஒரு கேளிக்கை விடுதியில் அவரைப் பார்த்த மைக்கேல் கே. வில்லியம்ஸ் படப்பிடிப்புத் தளத்துக்கு அழைத்து வந்தார். ஸ்நூப் என்ற கொலையாளிப் பெண்ணாக, தம் புனைபெயரோடும் தம் தெருவின் பேச்சோடும் நடித்தார். தொலைக்காட்சித் தொடர்களில் வந்த எதிர்நாயகியரில் ஆகக் கொடியவள் இவளாகவே இருக்கக்கூடும் என்று வியந்தார் எழுத்தாளர் ஸ்டீஃபன் கிங். 2007இல் தன்வரலாறும் வெளிவந்தது. தொடர் முடிந்தபின் வேடங்கள் மிகச் சிலவே வந்தன. 2011 மார்ச்சில் போதை வழக்கொன்றில் பலரோடு சேர்த்துக் கைதானார். பிணை கேட்டு நின்றபோது, தொடரில் கண்ட தோற்றமும் நேரில் காணும் தோற்றமும் வெவ்வேறாக இருக்கின்றன, தோற்றத்தை மாற்றிக்கொள்ள வல்லவர் இவர் என்ற கருத்தில் நீதிபதி பிணையை மறுத்தார். தம் நடிப்பைப் பற்றி அமெரிக்க அரசின் அமைப்பொன்று அவருக்கு வழங்கிய ஒரே பாராட்டு அதுவாகத்தான் இருக்கும். அவ்வாண்டு ஆகஸ்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையோடு வெளிவந்தார். இடையில் சைமன் வெளியிட்ட அறிக்கையின் சாரம் இது: தொடரால் அவருக்குக் கிடைத்த நல்லூழ் அந்தத் தொடரோடு நின்றுவிட்டது. இன்னோர் அமெரிக்காவின் மனிதர்களைச் சித்திரிக்கக் கூடியவர்களுக்குப் பொழுதுபோக்குத் தொழிலில் வேடங்கள் மிகக் குறைவு. அந்த அமெரிக்காவைப் பற்றிக் கதைகள் சொல்லப்படுவதே அரிது.

இதற்கு மறுப்பு உண்டு. நடிப்பு ஒரு தொழில், பயிற்சியுள்ளவர் நிலைப்பார், தம்மையே நடித்தவர் ஒரு வேடத்தோடு முடிவது இயல்புதானே என்பார்கள். அப்படியானால் ராபர்ட் எஃப். சூவை என்ன செய்வது? ப்ராப்பசிஷன் ஜோ என்ற கனத்த உடலும் நுட்பமான நாவும் கொண்ட போதை வணிகராக நடித்த அவர், பால்டிமோரின் அரீனா பிளேயர்ஸ் நாடகக் குழுவில் இளையோருக்கு நடிப்புக் கற்பித்தவர். நான்காம் பருவச் சிறுவர்களுக்குப் பயிற்சியளித்ததும் அவரே. நாம் அழுதுகொண்டு பார்த்த அந்த நான்கு முகங்களில் அவருடைய உழைப்பும் இருக்கிறது. தொழில் தெரிந்தவர்தான், ஆனால் ஊரை விட்டுப் போகாதவர். 2013 ஜனவரியில் 52 வயதில் பால்டிமோரிலேயே இறந்தார். லண்டனிலிருந்து வந்தவர்கள் லண்டனுக்கும் லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் போக முடிந்தது. பால்டிமோரிலேயே இருந்தவருக்கு மறுபடி ஒரு ‘தி வயர்’ தேடி வரவில்லை.

காவல் வேடமிட்டவர்கள் பக்கமும் ஒரு பேச்சு இருக்கிறது. தொடர் எவ்வளவு கடுமையாகக் காவல்துறையை விமர்சித்தாலும், மக்நல்டியும் பங்க்கும் நம் தோழர்களாகிவிட்டனர். பிரஸ் என்ற இளங்காவலர் முதற்பருவத்தில் 14 வயதுச் சிறுவன் ஒருவனைத் துப்பாக்கியின் பிடியால் அடிக்கிறார், சிறுவன் ஒரு கண்ணை இழக்கிறான். நான்காம் பருவத்தில் அதே பிரஸ் மாணவரால் நேசிக்கப்படும் கணித ஆசிரியர். நாம் அவரை மன்னித்துவிட்டோம். கண் இழந்த சிறுவன் என்னவானான் என்று நாடகமும் பெரிதாகக் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. எத்தனையோ முறை இத்தொடரைக் கொண்டாடிய பேச்சுகளில் இந்தக் கேள்வி எழாமல் போனதை நம் எல்லோர் கணக்கிலும்தான் எழுத வேண்டும்.

நடிகர்கள் சிலர் கேட்டார்கள். துப்பறிவாளர் கீமாவாக நடித்த சோன்யா சோன், தொடர் முடிந்ததும் பால்டிமோரின் இளையோருக்காக 2009இல் ‘ரீவயர்ட் ஃபார் சேஞ்ச்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். 2015 ஏப்ரலில் காவலில் காயமுற்று ஃப்ரெடி கிரே இறந்து, நகரம் கொந்தளித்தது. அதன்பின் நடந்தவற்றை ‘பால்டிமோர் ரைசிங்’ என்ற ஆவணப்படமாக 2017இல் இயக்கினார். அதே 2017 மார்ச்சில் பால்டிமோர்க் காவல்துறையின் துப்பாக்கித் தடுப்புச் சிறப்புப்படையைச் சேர்ந்த ஏழு காவலர்கள் கொள்ளையடித்த குற்றத்துக்காகக் கைதாயினர். அவ்வழக்கில் சாட்சி சொல்ல வேண்டியிருந்த துப்பறிவாளர் ஷான் சூட்டர், அதற்கு முந்திய நாள், 2017 நவம்பர் 15 அன்று தலையில் குண்டு பாய்ந்து விழுந்து மறுநாள் இறந்தார். சோன் அச்சாவைப் பற்றியும் 2021இல் ஓர் ஆவணப்படம் எடுத்தார். 2022இல் சைமனும் பெலெகனோஸும் இந்த ஊழலை ‘வீ ஓன் திஸ் சிட்டி’ என்று ஆறு அத்தியாயங்களில் நாடகமாக்கினர். அதில் சூட்டராக நடித்தவர் ஜேமி ஹெக்டர். ‘தி வயர்’இல் மார்லோ என்ற இரக்கமற்ற போதைத்தலைவனாக வந்து நம்மை நடுங்கவைத்தவர் அவர். லேண்ட்ஸ்மனாக நடித்த டெலனி வில்லியம்ஸ் இதில் காவல் ஆணையர். பழைய முகங்கள் புதிய சீருடையில் வரும்போது, பார்வையாளனின் பழைய பிரியமெல்லாம் தொண்டையில் சிக்கிக்கொள்கிறது. ‘தி வயர்’ தான் எழுதத் தவறிய பக்கத்தைத் தன் நடிகர்களைக் கொண்டே எழுதிக்கொண்டது என்று நாம் இதைப் படிக்கிறோம். கலையாக அது மூத்ததை எட்டவில்லை, அவசரமும் விளக்கவுரையும் மிகுதி. எனினும் அந்த நேர்மையை மதிக்கிறோம்.

மைக்கேல் கே. வில்லியம்ஸைக் கடைசியில் வைத்தது வேண்டுமென்றேதான். நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்து, பாடகர்களின் பின்னே நடனமாடிப் பிழைத்தவர். 25ஆம் பிறந்தநாளன்று மதுக்கடைச் சண்டையில் யாரோ சவரக்கத்தியால் கீறியதில் நெற்றியிலிருந்து கன்னம் வரை நீண்ட தழும்பு விழுந்தது. அந்தத் தழும்பே அவரைத் திரைக்குக் கொண்டுவந்தது. ஓமர் கையில் துப்பாக்கியோடு, சீழ்க்கையடித்தபடி தெருவில் நடந்துவரும்போது சிறுவர்கள் சிதறி ஓடுவார்கள். கொள்ளைக்காரன், கொலைகாரன், ஆனால் பொதுமக்கள் மீது துப்பாக்கி நீட்டாதவன், வெளிப்படையான தற்பால் விருப்பன். அப்படியொரு மனிதனை அமெரிக்கத் தொலைக்காட்சி அதற்குமுன் கண்டதில்லை. 2008இல் தேர்தல் களத்தில் இருந்த பராக் ஒபாமா தமக்குப் பிடித்த பாத்திரம் ஓமர் என்றார். வீரயுகப் பாடல்களில் பழகிய நமக்கு அவனிடம் ஒரு பழைய மறவனின் சாயல் தெரிவதில் வியப்பில்லை. ஆனால் தொடர் அவனுக்கு மறவனின் சாவைத் தரவில்லை. கடையில் சிகரெட் வாங்கிக்கொண்டு நிற்கையில் ஒரு சிறுவன் பின்னாலிருந்து சுடுகிறான். செய்தி நாளிதழ் அலுவலகத்துக்கு வருகிறது, இடமில்லை என்று ஒதுக்கப்படுகிறது.

வேடம் அவ்வளவு எளிதில் கலையவில்லை. தெருவில் எல்லாரும் ஓமர் என்றே அழைத்தனர், அந்தப் பெயருக்குள்ளேயே தாம் ஒளிந்துகொண்டதாகப் பின்னர் அவர் சொன்னார். படப்பிடிப்புக் காலத்திலேயே போதைக்கு அடிமையாகியிருந்ததை 2012இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். நடிப்பில் குறை வைக்கவில்லை. ‘போர்டுவாக் எம்பயர்’ தொடரின் சாக்கி ஒயிட், ‘தி நைட் ஆஃப்’ தொடரின் சிறைத்தலைவன், 2019இல் ‘வென் தே சீ அஸ்’ தொடரில் மகனைக் காக்கத் தெரியாமல் காவலருக்குப் பணிந்துபோகும் தந்தை. இந்தத் தந்தை வேடத்தில் அவர் முகம் சுருங்குவதை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். எம்மிக்கு ஐந்து முறை பரிந்துரைக்கப்பட்டார், ஐந்து முறையும் கிடைக்கவில்லை. நடித்துச் சேர்த்த புகழைச் சிறார் சிறைகளுக்கும் கூட்டுச்சிறைப்படுத்தலுக்கும் எதிராகப் பேசுவதற்கே செலவிட்டார். 2021 செப்டம்பர் 6 அன்று, 54 வயதில், புரூக்ளினில் தம் இல்லத்தில் இறந்து கிடந்தார். ஃபென்டனில் கலந்த ஹெராயின் காரணம். ஓமரின் சாவை அச்சிட இடமில்லை என்று நாடகத்தில் காட்டினார்கள். வில்லியம்ஸின் சாவு உலக நாளிதழ்களிலெல்லாம் வந்தது, தலைப்புகளில் ஓமர் இறந்தான் என்றே பலர் எழுதினார்கள்.

அந்தப் போதைமருந்தை விற்ற குழுவைச் சேர்ந்த நால்வர் மீது வழக்குத் தொடரப்பட்டது. அவர்களில் ஒருவர் 71 வயது முதியவர். தண்டனை அறிவிக்கப்படுமுன் டேவிட் சைமன் நீதிபதிக்கு மூன்று பக்கக் கடிதம் எழுதினார். தம் நண்பரின் சாவுக்குக் காரணமானவர்களுள் ஒருவருக்காக இரக்கம் கேட்டு எழுதிய கடிதம் அது. போதைக்கு எதிரான போர் என்ற பெயரில் எளியவர்களைச் சிறையில் அடைப்பதை வில்லியம்ஸ் வாழ்நாளெல்லாம் எதிர்த்தார், தம் பெயரால் இன்னொரு கிழவர் சிறையில் மடிவதை அவர் விரும்பியிருக்க மாட்டார் என்பது அதன் சாரம். 2023 ஜூலையில் நீதிபதி அந்த முதியவருக்கு இரண்டரை ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தார்.